வெட்ஜ் வாங்கும் முன் உங்கள் பிட்ச்சிங் வெட்ஜின் லாஃப்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

கோல்ஃப் பந்து ஃபேர்வேயில், அதாவது வெட்டிப் பராமரித்த புல் பாதையில் நன்றாகக் கிடக்கிறது, குழியில் நிற்கும் கொடிக்கு இன்னும் சரியாக 100 யார்டு. வெட்ஜ் என்பது குறைந்த தூரத்துக்குப் பந்தை உயரமாக அனுப்பும் கிளப். பிட்ச்சிங் வெட்ஜை எடுத்தால் குழி இருக்கும் கிரீனைத் தாண்டிவிடும், சாண்ட் வெட்ஜை எடுத்தால் முன்னால் இருக்கும் பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில் விழும். வேறு வழியில்லாமல் பிட்ச்சிங் வெட்ஜை எடுத்துக் கொஞ்சம் அடக்கி அடிப்போம், கீழே வரும்போது கை தயங்கும், கிளப் பந்துக்குப் பின்னால் மண்ணில் இறங்கும். இரண்டு வருடம் எனக்கு இதுதான் நடந்துகொண்டிருந்தது. ஸ்விங்கில்தான் கோளாறு என்று நினைத்து அதையே திருத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் கிளப்புகளின் லாஃப்டை, அதாவது பந்தை அடிக்கும் முகம் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்ற கோணத்தை, ஒவ்வொன்றாக அளந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் பிட்ச்சிங் வெட்ஜ் 43 டிகிரி. அதற்கு அடுத்து பையில் இருந்தது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ். நடுவில் 13 டிகிரிக்கு ஒன்றுமே இல்லை. வெட்ஜை விட அதிக தூரம் போகும் ஐயன் கிளப்புகளில் 8-ஐயனுக்கும் 9-ஐயனுக்கும் நடுவில் 4, 5 டிகிரிதான் இருக்கும், அப்படிப் பார்த்தால் என் பையில் இரண்டு கிளப் காணாமல் போயிருந்தது.

இந்த ஓட்டை இன்றைக்கு நிறையப் பேரின் பையில் இருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த லாஃப்டால் அடைப்பது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் பெயர்களை ஒதுக்கி வையுங்கள். பிட்ச்சிங் வெட்ஜ், கேப் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், லாப் வெட்ஜ் என்பவை வெறும் பெயர்கள்தான், எந்தப் பெயருக்கு எத்தனை டிகிரி என்று யாரும் விதி போட்டு வைக்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய செட்டில் பிட்ச்சிங் வெட்ஜ் 50 டிகிரியை ஒட்டி இருக்கும். இன்றைக்கும் மெல்லிய தலை கொண்ட பிளேடு வகை ஐயன்களில் 46, 47 பார்க்கலாம். ஆனால் புதிதாக ஆடுபவர்களும் நடுத்தர ஆட்டக்காரர்களும் வாங்குகிற, தூரம் போவதற்கென்றே செய்த செட்டுகளில் அது 42லிருந்து 44 வரை இறங்கிவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. இந்த ஐயன்களில் எடையை அடிப்பாகத்தில் கீழே வைக்கிறார்கள், அதனால் பந்து தானாகவே உயரமாகக் கிளம்புகிறது, அந்த உயரத்தைச் சமன்செய்ய லாஃப்டைக் குறைக்கிறார்கள், குறைத்தால் தூரமும் கூடுகிறது, தூரம் கூடினால் செட்டும் விற்கிறது. ஆனால் பங்கரில் மணலை அள்ளி அடிக்கும் வேலை மாறவில்லை, அதனால் சாண்ட் வெட்ஜ் 54, 56 என்று பழைய இடத்திலேயே நிற்கிறது. ஒரு கரை நகர்ந்துபோய், மறு கரை அங்கேயே இருந்தால் நடுவில் ஆறு அகலமாகத்தானே செய்யும்? கேப் வெட்ஜ் என்ற கிளப் பிறந்ததே இதற்காகத்தான்.

சரி, உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். செட்டின் பெயரையும் அது வந்த வருடத்தையும் வைத்துத் தேடினால் தயாரிப்பாளரின் அட்டவணை கிடைத்துவிடும், ஒவ்வொரு கிளப்பின் லாஃப்டும் அதில் இருக்கும். அதுவே பெரும்பாலும் போதும், ஆனாலும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒரு டிகிரி இப்படி அப்படி இருக்கலாம். கிளப் பழுதுபார்க்கும் இடங்களில் லாஃப்ட் அளக்கும் கருவி இருக்கும், ஐந்து நிமிட வேலை, அளக்கச் சொல்லுங்கள். முக்கியமாக ஃபோர்ஜிங் முறையில் (உலோகத்தை அடித்து) செய்த, மென்மையான எஃகுத் தலைகள் நாள்பட அடி வாங்க வாங்கக் கொஞ்சம் வளையக்கூடியவை. வெட்ஜின் மேல் 52 என்று பொறித்திருக்கும், அளந்தால் 53 இருக்கும், அடுத்தது 56 என்று இருக்கும், அளந்தால் 55. நான்கு டிகிரி இடைவெளி என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டுதான்.

லாஃப்ட் தெரிந்துவிட்டால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். லாஃப்ட் பாதிதான். அந்த லாஃப்டில் உங்கள் கை பந்தை எவ்வளவு தூரம் அனுப்புகிறது என்பதுதான் மீதிப் பாதி, அதை அளக்காமல் எடுக்கிற முடிவு குத்துமதிப்பாகத்தான் இருக்கும்.

கேரியை அளப்பது

வெட்ஜுக்குக் கணக்கில் எடுக்க வேண்டியது கேரி, அதாவது பந்து காற்றில் போய் முதலில் தரையைத் தொடும் தூரம். அதற்குப் பிறகு உருளுவது தரையின் ஈரத்தையும் கிரீனின் கடினத்தையும் பொறுத்தது, இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. லாஞ்ச் மானிட்டர் (பந்தின் வேகத்தையும் தூரத்தையும் அளக்கும் கருவி) இருக்கிற இடத்துக்கு ஒருமுறை போய் அளப்பது நல்லது. இல்லையென்றால் தூரம் குறித்த பயிற்சி மைதானத்தில் லேசர் ரேஞ்ச்ஃபைண்டரை வைத்து, பந்து விழும் இடத்தைக் கவனித்து எழுதிக்கொள்ளலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இதில் மூன்று விஷயங்கள் ஏமாற்றும். ஒன்று பந்து. பயிற்சி மைதானத்துப் பந்துகள் தேய்ந்தவை, பல இடங்களில் குறைந்த தூரம் போவதற்கென்றே செய்தவை, அவற்றில் அளந்த எண்ணை ஆட்டத்துக்குக் கொண்டுபோனால் தப்பும். முடிந்தால் நீங்கள் வழக்கமாக ஆடும் பந்தையே பத்துப் பன்னிரண்டு எடுத்துப் போங்கள். இரண்டாவது, செயற்கைப் புல் விரிப்பு. பந்துக்கு ஒரு அங்குலம் பின்னால் அடித்தாலும் கிளப் விரிப்பின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து பந்தை நன்றாகவே அடித்துவிடும், புல் தரையில் அதே அடி பாதி தூரம் போகாது. மூன்றாவது, நம் மனசு. பத்து அடித்ததில் ஒன்று 125 போயிருக்கும், அதையே "என் பிட்ச்சிங் வெட்ஜ் 125" என்று சொல்லிக்கொண்டிருப்போம். பத்து பந்து அடியுங்கள், மோசமான இரண்டைத் தள்ளுங்கள், மீதி எட்டும் எங்கே கூட்டமாக விழுகின்றனவோ அதன் நடுப்பகுதிதான் உங்கள் தூரம். மிக நன்றாகப் போன ஒன்று அதில் வராது.

வெட்ஜுகளை மட்டும் அளக்காமல் 8-ஐயன், 9-ஐயன் இரண்டையும் அதே நாளில் அளந்துகொள்ளுங்கள். உங்கள் ஸ்விங்கில் ஒரு கிளப்புக்கும் அடுத்த கிளப்புக்கும் இயல்பாக எத்தனை யார்டு வித்தியாசம் வருகிறது என்பதை அவைதான் காட்டும். கீழே வெட்ஜுகளிலும் ஏறக்குறைய அதே இடைவெளியைத்தான் தேடப்போகிறோம்.

என் எண்களைச் சொல்கிறேன். 9-ஐயன் 38 டிகிரி, 130 யார்டு. பிட்ச்சிங் வெட்ஜ் 43 டிகிரி, 118. அதற்கடுத்து 56 டிகிரியில் 82. 130லிருந்து 118 வரை 12 யார்டு, அது சரியான இடைவெளி. 118லிருந்து 82க்கு 36 யார்டு! நூறு யார்டு பந்து அந்தப் பள்ளத்தின் நட்டநடுவில் விழுகிறது, ஸ்விங்கை எவ்வளவு திருத்தினாலும் அது தீரப்போவதில்லை.

36 யார்டை 13 டிகிரியால் வகுத்தால் ஒரு டிகிரிக்கு மூன்று யார்டுக்குச் சற்றுக் குறைவு. இந்த எண்தான் உங்கள் கணக்குக்குச் சாவி, ஆளுக்கு ஆள் மாறும். வேகமாகச் சுழற்றுபவருக்கு ஒரு டிகிரிக்கு மூன்றரை யார்டு கூட வரும், மெதுவாகச் சுழற்றுபவருக்கு ஒன்றரைதான் வரும். அதனால்தான் "வெட்ஜுகளுக்கு நடுவில் 4 டிகிரி வையுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

எந்த லாஃப்ட்

முழு ஸ்விங்கில் வெட்ஜுக்கு வெட்ஜ் 10லிருந்து 15 யார்டு வரை இடைவெளி இருந்தால் ஆடுவதற்கு வசதி. அதை மனதில் வைத்துக்கொண்டு டிகிரியைக் கண்டுபிடியுங்கள்.

எனக்கு 56 டிகிரி வெட்ஜ் பங்கரில் பழகிய கிளப், அதை மாற்ற மனமில்லை. எனவே 43க்கும் 56க்கும் நடுவில் இரண்டு கிளப் சேர்த்தேன், 48, 52. இப்போது 118, 105, 94, 82. ஒரே ஒரு கிளப்புக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் 49 அல்லது 50 எடுத்திருப்பேன், அப்போது ஒவ்வொரு பக்கமும் 18 யார்டு வரும். அது கொஞ்சம் அகலம்தான், ஆனால் 36ஐ விட எவ்வளவோ மேல். இந்த இடத்தில் பலர் செய்கிற தவறு, கேப் வெட்ஜ் என்றாலே 52 என்று நினைத்து அதை வாங்கிவிடுவது. பிட்ச்சிங் வெட்ஜ் 46, 47 ஆக இருந்தபோது 52 நடுவில் சரியாக உட்கார்ந்தது. 43க்குப் பக்கத்தில் 52 வந்தால் மேலே 9 டிகிரி, கீழே 4 டிகிரி. ஓட்டை சின்னதாகுமே தவிர அடைபடாது.

பிட்ச்சிங் வெட்ஜ் 46 டிகிரி உள்ளவருக்கு வேலை சுலபம். வேகமாக அடிப்பவர் என்றால் 46, 50, 54, 58 என்று நாலு நாலாகப் போகலாம். மேலே நீண்ட தூரம் அடிக்கும் ஹைப்ரிட், ஃபேர்வே வுட் எல்லாம் வேண்டும், மூன்று வெட்ஜுக்கு மேல் இடம் இல்லை என்பவருக்கு 46, 52, 58 போதும்.

மெதுவான ஸ்விங் உள்ளவர்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், அவர்களுக்குத்தான் தேவையில்லாத கிளப்பை அதிகம் விற்றுவிடுகிறார்கள். 9-ஐயன் 95 யார்டு, 44 டிகிரி பிட்ச்சிங் வெட்ஜ் 87 யார்டு போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். இவர் 4 டிகிரிக்கு ஒரு வெட்ஜ் வாங்கினால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஆறு ஏழு யார்டுதான் வித்தியாசம் வரும், நல்ல அடிக்கும் சுமாரான அடிக்குமே அந்த வித்தியாசம் இருக்கும். 44, 50, 56 என்று ஆறு டிகிரி இடைவெளியில் மூன்றே கிளப் எடுத்தால் ஏறக்குறைய 87, 77, 67 என்று சுத்தமாக வந்துவிடும். மிச்சமாகும் இடத்தில் ஒரு 5-வுட்டோ, கூடுதலாக ஒரு ஹைப்ரிட்டோ வைத்துக்கொள்ளலாம். 150 யார்டுக்கு மேலே அடிக்கக் கிளப் இல்லாமல் திணறுவதுதான் இவருடைய பெரிய கஷ்டம்.

பையில் 14 கிளப்தான் இருக்கலாம் என்பது விதி. மீறினால் மீறிய ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, ஒரு சுற்றில் அதிகபட்சம் நான்கு. டிரைவர், 3-வுட், இரண்டு ஹைப்ரிட், 5லிருந்து 9 வரை ஐந்து ஐயன், கிரீனில் பந்தை உருட்டும் பட்டர் என்று வைத்தால் பத்து ஆகிவிட்டது, வெட்ஜுகளுக்கு மொத்தம் நான்கு இடம், பிட்ச்சிங் வெட்ஜையும் சேர்த்துத்தான். ஐந்தாவது வெட்ஜ் வேண்டுமென்றால் மேலே எதையாவது எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் அடுத்த ஐந்து சுற்றுகளில் எந்தெந்தக் கிளப்பை எத்தனை முறை எடுத்தீர்கள் என்று குறித்து வாருங்கள். என் குறிப்பில் ஒரு ஹைப்ரிட் ஐந்து சுற்றுக்கும் சேர்த்து இரண்டே முறைதான் வெளியே வந்திருந்தது, 90லிருந்து 110 யார்டுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட அடிகள் இருந்தன.

60 டிகிரி வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். 1980களில் அமெரிக்க ஆட்டக்காரர் டாம் கைட் 60 டிகிரி வெட்ஜை வைத்து ஆடத் தொடங்கிய பிறகுதான் அது பரவலானது. கொடி பங்கருக்குப் பின்னாலேயே நிற்கும்போது அது அற்புதமான கிளப்தான். ஆனால் அதை முழு ஸ்விங்கில் தூரத்துக்காக நம்பாதீர்கள். லாஃப்ட் கூடக் கூட வேகத்தின் பெரும்பகுதி உயரத்துக்கும் சுழற்சிக்கும் போய்விடுகிறது, பந்து முகத்தில் சற்று மேலே பட்டாலே பத்து யார்டு குறைந்துவிடும், உயரமான புல்லில் கிளப் பந்துக்கு அடியில் நுழைந்துபோனால் பந்து அப்படியே முன்னால் விழும். வாரத்துக்கு ஒருமுறை ஆடுபவருக்கு 58 போதும் என்பது என் கருத்து. முகத்தைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அதிலேயே 60க்கு மேல் கிடைத்துவிடும்.

பாதி ஸ்விங்கும் கணக்கில் உண்டு

80 யார்டுக்குக் கீழே முழு ஸ்விங் தூரங்களை வைத்து இடைவெளியை அடைக்க முடியாது, அதற்கு லாஃப்டும் கிடையாது. அங்கே ஸ்விங்கின் நீளத்தால்தான் தூரத்தைப் பிரிக்க வேண்டும். நாசாவில் ஆராய்ச்சியாளராக இருந்து பிறகு கோல்ஃபுக்கு வந்த டேவ் பெல்ஸ் பரப்பிய கடிகார முறை இதற்கு மிக எளிது. வலக்கைக்காரர் என்றால் இடது கையைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள்: பின்னால் போகும்போது ஏழரை மணி வரை ஒரு ஸ்விங், ஒன்பது மணி வரை ஒன்று, பத்தரை மணி வரை ஒன்று. வேகத்தை மாற்றாதீர்கள், நீளத்தை மட்டும் மாற்றுங்கள். நான்கு வெட்ஜுக்கு மூன்று ஸ்விங் என்றால் பன்னிரண்டு தூரங்கள் கைக்கு வந்துவிடும். சிலது ஒன்றின் மேல் ஒன்று விழும், அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை, உங்களுக்கு நம்பிக்கையான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

இதைச் செய்து பார்த்த பிறகு சிலருக்கு நான்காவது வெட்ஜே வேண்டாம் என்று தோன்றலாம். ஒன்பது மணி ஸ்விங் கைக்கு வந்துவிட்டவர் மூன்று வெட்ஜிலேயே சமாளித்துவிடுவார். எனவே முதலில் இந்த அட்டவணையைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் எத்தனை கிளப் என்று முடிவு செய்யுங்கள்.

வாங்கும்போது

பிட்ச்சிங் வெட்ஜுக்கு அடுத்த கிளப்பைப் பெரும்பாலும் முழு ஸ்விங்கில்தான் அடிப்போம். அதனால் அதை ஐயன் செட்டிலேயே வாங்குவது நல்லது, சரியாகப் படாத அடியையும் அது ஓரளவு காப்பாற்றும், ஷாஃப்டும் (கிளப்பின் தண்டு) மற்ற ஐயன்களைப் போலவே இருக்கும். 54க்கு மேல் உள்ளவை மணலிலும் கிரீனைச் சுற்றியும் வேலை செய்பவை, அவற்றைத் தனி வெட்ஜாக வாங்கலாம். ஐயன்களில் எடை குறைந்த கிராஃபைட் ஷாஃப்ட் வைத்துக்கொண்டு வெட்ஜில் மட்டும் கனமான ஸ்டீல் ஷாஃப்ட் வாங்கினால், லாஃப்ட் கணக்கு சரியாக இருந்தும் தூரம் இடறும், இதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்து பௌன்ஸ். லாஃப்டுக்கும் தூர இடைவெளிக்கும் இது நேரடியாகச் சம்பந்தப்பட்டதில்லை, ஆனால் இரண்டு எண்ணும் ஒன்றாகத்தான் கிளப்பில் வருகின்றன. கிளப்பின் அடிப்பாகம் முன்விளிம்பை விட எவ்வளவு கீழே இறங்கி இருக்கிறது என்பதைக் காட்டும் கோணம் அது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசென் வெட்ஜின் அடியில் பின்பக்கம் ஈயப்பற்று வைத்துத் தடிமனாக்கி, அது மணலில் புதையாமல் வழுக்கி வெளியே வருவதைக் கண்டுபிடித்தார், அந்தக் கிளப்போடு 1932 பிரிட்டிஷ் ஓபனையும் ஜெயித்தார். இன்றைய சாண்ட் வெட்ஜ் அதன் வாரிசுதான். மண்ணைத் தோண்டி அடிப்பவருக்கும், மென்மையான தரைக்கும், தளர்ந்த மணலுக்கும் 10க்கு மேல் பௌன்ஸ் நல்லது. மேலோட்டமாகத் துடைத்து அடிப்பவருக்கும் இறுகிய தரைக்கும் 4லிருந்து 8 வரை. எது என்று தெரியாவிட்டால் சாண்ட் வெட்ஜில் அதிகமாகவும் லாப் வெட்ஜில் குறைவாகவும் வாங்குங்கள், இரண்டு விதத் தரைக்கும் ஒரு கிளப் கையில் இருக்கும்.

நீங்கள் தேடும் லாஃப்ட் சரியாகக் கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். தனி வெட்ஜுகள் பெரும்பாலும் 50, 52, 54 என்று இரட்டைப்படையில்தான் வரும், உங்களுக்கு 53 வேண்டும் என்றால் 54ஐ ஒரு டிகிரி வளைத்துக்கொள்ளலாம். லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் பௌன்ஸும் ஒரு டிகிரி குறையும், கூட்டினால் கூடும். ஃபோர்ஜ் செய்த தலையென்றால் இரண்டு டிகிரி வரை தைரியமாக வளைக்கலாம். வார்ப்பு முறையில் செய்தவற்றில் சில ஒடிந்துவிடும், வளைப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

புது வெட்ஜ் வந்ததும் பழைய எண்களோடு ஒட்டிப் போட்டுவிடாமல், பிட்ச்சிங் வெட்ஜிலிருந்து கடைசி வெட்ஜ் வரை ஒரே நாளில் மறுபடி அளந்துவிடுங்கள். நான் 48ஐ வாங்கியபோது 105 வரும் என்று கணக்குப் போட்டேன், முதலில் 109 வந்தது, ஒரு டிகிரி கூட்டி வளைத்த பிறகுதான் 105க்கு வந்தது, இப்போது என் 48 உண்மையில் 49. எண்களை ஒரு சின்ன அட்டையில் எழுதி ஷாஃப்டில் ஒட்டியோ, பையில் வைத்தோ கொண்டுபோங்கள், முதல் சில சுற்றுகளில் ஞாபகத்தை நம்ப வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை லாஃப்டை மறுபடி அளக்கும்போது முகத்தில் இருக்கும் கோடுகளையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பு மழுங்கியிருந்தால் பந்து உயரமாகக் கிளம்பும், சுழற்சி குறைந்து கிரீனில் நிற்காமல் ஓடும், அட்டையில் எழுதிய கேரி எண்ணும் மாறியிருக்கும்.